வாளையார் சாவடியில் இரண்டு மேஜைகள்

அந்த இரண்டு மேஜைகளையும் செய்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஒரு பகல் முழுக்க இந்த ஒரு வாக்கியத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. வாளையாருக்கு மேற்கே, கோயமுத்தூர் போகிற மெயின் ரோட்டை ஒட்டி ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் பாலக்காட்டில் அரசாங்க ஆபீசில் கிளார்க். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியும் நிரந்தர உத்தரவு வரவில்லை. காலையில் எட்டரை பஸ்ஸில் போனால் சாயங்காலம்தான் வருவார். கல்யாணமாகி ஐந்து வருஷம், குழந்தை இல்லை. ஒன்பது மணிக்கெல்லாம் வீட்டு வேலை முடிந்துவிடும். அப்புறம் ரோட்டில் போகிற சிமெண்டு லாரிகளைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள்தான் உட்கார்ந்திருப்பது?

மரவேலையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வீட்டில் கால் ஆடுகிற முக்காலி ஒன்று இருந்தது. ஒரு நாள் கோபத்தில் அதைப் பிரித்துப் போட்டேன். யார்மேல் கோபம் என்று ஞாபகமில்லை. எனக்குக் கோபம் வருவதற்கு ஆள் வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. பிரித்ததை மறுபடி பூட்ட முடியவில்லை. மூன்று நாள் அதோடு மல்லுக்கு நின்றேன். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. குறுக்குச் சட்டத்தின் நுனியைச் செதுக்கி நாக்கு மாதிரி நீட்டிவிட்டிருப்பார்கள், காலில் அதற்கேற்ற குழி இருக்கும். நாக்கு குழிக்குள் இறுக்கமாக இறங்கிவிட்டால் ஆணியே வேண்டாம். அந்த நாக்கைத்தான் தச்சர்கள் கழுந்து என்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தை தெரியவே இன்னொரு வருஷம் ஆயிற்று.

வேலந்தாவளம் சந்தையில், மாடு வாங்க வந்த கூட்டத்துக்கு ஓரமாகப் பழைய இரும்புச் சாமான்களைப் பரப்பி வைத்திருப்பார்கள். அங்கேதான் இரண்டு உளியும், ஓர் இழைப்புளியும், பல்லுப் போன ஒரு ரம்பமும் வாங்கினேன். கடைக்காரர், "ஊட்டுக்காரருக்குங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். பேச்சை வளர்க்க வேண்டாம் என்று சொன்னது. ஆக, முதல் பொய் என் வாயிலிருந்துதான் வந்தது. அதையும் மறைக்கப் போவதில்லை.

வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில், கிணற்றடிப் பக்கம் என் பட்டறை. முதலில் செய்த முக்காலியில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் இடது கட்டை விரலில் உளி இறங்கி, அரிவாள்மணை பட்டுவிட்டது என்று அவரிடம் சொன்னேன். நாலாவதாக ஒரு அலமாரித் தட்டு செய்து சமையலறையில் மாட்டியபோதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இதை ஆரு செஞ்சது?"

"நாந்தானுங்க."

சிரித்தார். சிரித்துவிட்டுத் தட்டைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் சிரிக்கவில்லை. "வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாதே அம்மிணி" என்றார். அவ்வளவுதான். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நன்றாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை.

இந்தக் கதையில் இன்னொரு ஆள் இருக்கிறார், என் மச்சாண்டார். வீட்டுக்காரருக்கு அண்ணன். கோயமுத்தூரில் ஒரு மில்லில் சூப்பர்வைசர். தம்பியைப் படிக்க வைத்தவர், அதைத் தம்பி ஒரு நாளும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொண்டவர். "உனக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியுமாடா?" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் கேள்வி. விசேஷ வீட்டில், ஒறம்பரை என்கிற சொந்தக்காரர்களுக்கு நடுவில், பந்தியில், எங்கே என்று கணக்கில்லை. இவரும் இளித்துக்கொண்டு நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மச்சாண்டார் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். சோபா செட் வாங்கியாகிவிட்டது, அதன் இரண்டு பக்கமும் வைக்கிற சின்ன மேஜைகள்தான் மனசுக்குப் பிடித்த மாதிரி கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். என் வீட்டுக்காரர் பதில் எழுதினார். எழுதி, ஒட்டி, தபாலில் போட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னார்.

"அண்ணனுக்கு நாமளே ரெண்டு மேஜை செஞ்சு தாரோம்னு எழுதிட்டேன்."

எனக்கு நெஞ்சு பொங்கிவிட்டது. "நெசமாலுமா? என்னைப் பத்தி எழுதினீங்களா?"

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். அப்போதே தெரிந்துவிட்டது. தான் பொழுதுபோக்காக மரவேலை பழகுவதாகவும், தன் கையாலேயே மேஜை செய்து கொண்டு வருவதாகவும் எழுதியிருக்கிறார் மனுஷர்.

அன்றைக்கு நான் போட்ட சண்டை ரோட்டில் லாரிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டிருக்கும். கடைசியில் அவர் கட்டிலில் உட்கார்ந்து, "ஒரே ஒரு தடவை. அவரு முன்னால ஒரே ஒரு தடவை நான் தலை நிமிந்து நிக்கறேன். அதுக்கப்பறம் நீயே சொல்லிக்கோ" என்றார். நான் சரி என்று சொல்லித் தொலைத்தேன். பெயர்தானே, போகட்டும் என்று நினைத்தேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று மரத்தைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது.

மரம் வேலந்தாவளத்தில் கிடைத்தது. இடித்த வீட்டின் நிலைச் சட்டங்கள், எல்லாம் ஈட்டி மரம், ரோஸ்வுட் என்பார்களே அது. இழைக்க இழைக்க உள்ளேயிருந்து கருநீலமும் கத்தரிப்பூ நிறமுமாகக் கோடுகள் வரும். இரும்பு மாதிரி உறுதி, உளி முனை மழுங்கிக்கொண்டே இருக்கும். பழைய ஆணித் துளையும் கீல் பதித்த பள்ளமும் இருந்த இடங்களையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டேன். ஒரு குறை தெரியக்கூடாது என்று வீம்பு. இரண்டு மேஜைக்கு எட்டுக் கால், எட்டுச் சட்டம், இரண்டு பலகை, பதினாறு கழுந்து. நான்கு மாதம் ஆயிற்று.

பெரிய ஆசாரி செய்தால் பதினாறும் ஒரே அளவாக இருக்கும், எதை எதில் வேண்டுமானாலும் செருகலாம். நான் என்ன ஆசாரியா? ஒவ்வொரு கழுந்தும் அதன் குழிக்கு மட்டும்தான் பொருந்தும். அதனால் பொருத்துகிற இடத்தில், காலிலும் சட்டத்திலும், பென்சிலால் ஒரே படத்தைப் போட்டு வைத்தேன். கரண்டிக்குக் கரண்டி, சீப்புக்குச் சீப்பு. கத்தரிக்காய், விளக்குமாறு, தாலிக்கொடி, மீன், குடம். எண் போட்டிருக்கலாம்தான். படம் போடத்தான் எனக்குப் பிடித்திருந்தது.

ஏற்பாடு இதுதான். பூட்டிய மேஜையை பஸ் கூரையில் போட்டால் கால் உடையும், அதனால் பிரித்தே கொண்டுபோவது. புது வீட்டு விருந்துக்கு முந்தின நாளே போய், அவர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போக, நான் பின்னறையில் உட்கார்ந்து பூட்டி வைத்துவிட வேண்டும். எண்ணெயும் பாலிஷும் அங்கே போய். கிளம்புகிற அன்று நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவரே எல்லாவற்றையும் பழைய வேட்டியில் சுற்றிச் சாக்கில் கட்டி வைத்துவிட்டார். என்ன அக்கறை பாருங்கள் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலையும் மூங்கில் ஆணிகளையும் நான் என் பையில், வெற்றிலை பாக்குத் தட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

மாநில எல்லையில், வாளையார் சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. எப்போதும் நிற்கும். கிழக்கேயிருந்து வருகிற பஸ்ஸில் அரிசி தேடுவார்கள், மேற்கேயிருந்து போகிற பஸ்ஸில் மரம் தேடுவார்கள். இது தெரிந்தும் எங்கள் இரண்டு பேருக்கும் புத்தியில் உறைக்கவில்லை. எங்கள் மனசில் அது மேஜை. மரம் என்று நாங்கள் நினைக்கவேயில்லை.

காவலர் ஒருவர் கூரையில் ஏறினார். மேலே நடக்கிற பூட்ஸ் சத்தம் ஒரு இடத்தில் நின்றது. "இது ஆருடெ சாக்கு?" என்று குரல் வந்தது.

இறங்கினோம். சாக்கை ரோட்டோரம் போட்டு அவிழ்த்தார்கள். வெயிலில் அந்தக் கறுப்பு மரம் பளபளவென்று கிடந்தது. எண்ணெய் போடாமலேயே அவ்வளவு அழகு. அதைப் பார்த்து நான் பெருமைப்பட்டது ஒரு விநாடிதான். சாவடிக்குள்ளிருந்து அதிகாரி வந்தார். நடுவயது, மலையாளி, அவசரப்படாத ஆள். ஒரு காலை எடுத்து எடை பார்த்தார், முகர்ந்தார்.

"ஈட்டி. பாஸ் எவ்விடெ?"

"மேஜைங்க சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

அதிகாரி குனிந்து, சாக்கை விரலால் தூக்கிப் பார்த்தார். "மேஜை எவ்விடெ?"

"பழைய மரங்க சார். இடிச்ச ஊட்டு நெலவு."

"பழைய மரமெங்கில் ஆணித் துளை எவ்விடெ?"

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தத் துளைகளோடு வெட்டி எறிந்த துண்டுகள் எங்கள் வெந்நீர் அடுப்பில் எப்போதோ எரிந்துவிட்டன.

அதிகாரி கோபப்படவில்லை, அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. வீட்டுச் சாமான் என்றால் போகலாம், வெட்டிய ஈட்டி மரம் என்றால் பாஸ் வேண்டும், பாஸ் இல்லாவிட்டால் கேஸ் என்று தமிழும் மலையாளமுமாக நிதானமாகச் சொன்னார். என்ன வேலை என்று கேட்டார். இவர் சொன்னார். "கவர்ன்மெண்டு உத்தியோகமோ?" என்று ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். நிரந்தர உத்தரவு வராதவன் மேல் மரக் கேஸ் விழுந்தால் அப்புறம் அந்த ஆபீஸ் படியை மிதிக்க முடியுமா?

"இது ஆரு உண்டாக்கியது?" என்று கேட்டார் அதிகாரி.

"நான் செஞ்சதுங்க சார்."

பாவி மனுஷர், நாலு மாதமாக அண்ணனுக்குச் சொல்ல ஒத்திகை பார்த்த வாக்கியம். கேட்டவுடன் வந்துவிட்டது.

"அப்போ சரி" என்றார் அதிகாரி. "கூட்டிக் காணிக்கூ. மேஜை நின்னா பஸ்ஸில் கேறிக்கோ. நின்னில்லெங்கில் மரம் இவிடெ, நீயும் இவிடெ."

பூட்டிக் காட்டச் சொல்கிறார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவருடைய முகத்தில் ரத்தமே இல்லை.

பஸ்ஸில் இருந்தவர்கள் பாதிப்பேர் இறங்கிவிட்டார்கள். வரிசையில் நின்ற லாரிகளிலிருந்து டிரைவர்களும் வந்து வேலியில் சாய்ந்துகொண்டார்கள். பஸ் டிரைவர் ஆரனை ஒரு தடவை அடித்து, "பத்து நிமிசந்தானுங்க, அப்பறம் நாங் கெளம்பிருவேன்" என்றார். நடுவில் என் வீட்டுக்காரர் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். ஒரு காலையும் ஒரு சட்டத்தையும் எடுத்தார். காலைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"ஏனுங்க, அடி மேல இருக்குதுங்களே!" என்று ஒரு லாரி டிரைவர் சத்தம் போட, எல்லாரும் சிரித்தார்கள்.

திருப்பிப் பிடித்தார். கழுந்தைக் குழியில் வைத்து அழுத்தினார். போகவில்லை. வேறு சட்டம் எடுத்தார், போகவில்லை. இன்னொன்று கொஞ்சம் போய் நின்றது. எழுந்து ஒரு கருங்கல்லை எடுத்து வந்தார். கல்லால் ஓர் அடி. மரம் கிரீச்சென்றது. என் உடம்பில் அடித்த மாதிரி இருந்தது எனக்கு.

இப்போது உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் திணறுவதைப் பார்த்து எனக்கு முதலில் வந்தது இரக்கமில்லை. வேணும், நல்லா வேணும் என்று தோன்றியது. நாலு மாதம் நான் உளி பிடித்து, விரலைக் கிழித்துக்கொண்டு செய்ததை ஒரே லெட்டரில் எடுத்துக்கொண்டார் அல்லவா, பூட்டட்டும் பார்க்கலாம் என்று நினைத்தேன். கட்டிய புருஷன் ஊர் நடுவில் முழங்காலில் நிற்கும்போது அப்படி நினைத்தவள் நான். அடுத்த விநாடியே எனக்கு என்மேல் அருவருப்பாகிவிட்டது.

வாயைத் திறந்து நான்தான் செய்தேன் என்று சொல்லலாம். சொன்னால் அவர் அதிகாரி முன்னால் பொய்யர். மேஜை விஷயத்தில் பொய் சொன்னவன் மரம் வாங்கிய விஷயத்தில் மட்டும் நிஜம் சொல்வானா? சொல்லாவிட்டால் மேஜை நிற்காது. இரண்டாவது அடி விழுந்தது. கழுந்தின் ஓரத்தில் ஒரு சில்லு தெறித்து ரோட்டில் போய் விழுந்தது. அவர் மூன்றாம் அடிக்குக் கல்லை ஓங்கினார்.

"நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரியும் பார்த்தார். கத்திய வேகத்தில் உண்மையே வந்திருக்கும், ஆனால் வாய் தானாக வேறு சொல்லிற்று. "அவிகளுக்குக் கை நடுங்குதுங்க சார். காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல. நாங் கூடப் புடிச்சுத் தாரேனுங்க."

அதிகாரி ஓர் அடி பின்னால் நகர்ந்தார். நான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகி உட்கார்ந்தேன். பையிலிருந்து கொட்டாப்புளியை எடுத்தேன். கல்லை வாங்கித் தூரப் போட்டேன். முதல் காலை எடுத்துத் திருப்பினேன், கரண்டி தேடினேன். கரண்டி இல்லை. இன்னொரு காலைத் திருப்பினேன். சீப்பும் இல்லை. மரம் வழுவழுவென்று சுத்தமாக இருந்தது.

"படமெல்லாம் எங்கீங்க?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நேத்து ராத்திரியே உப்புத்தாள் போட்டுத் தேச்சுட்டேன்."

"எதுக்கு?"

"அண்ணன் குனிஞ்சு பாத்தா... விளக்குமாறு படமெல்லாம் இருந்துச்சு. பொம்பளை வேலைன்னு தெரிஞ்சு போகும்ல."

அடக் கடவுளே! அந்தக் கொட்டாப்புளியை நான் அவர் தலையில் போடாமல் விட்டது பெரிய விஷயம். படத்தை அழித்தால் எதை எதில் செருகுவது என்று யோசிக்க வேண்டாமா? அவருக்கு அது தோன்றவேயில்லை. மரவேலை செய்தவனுக்குத்தானே அது தோன்றும்.

பதினாறு கழுந்து, பதினாறு குழி. ஆரன் மறுபடி அடித்தது. ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்க ஆரம்பித்தால் சாயங்காலம் ஆகிவிடும். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு குழிக்குள் விரலை விட்டேன். தொட்டதுமே விரலுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே இடது பக்கம் ஒரு பிசிறு. பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டு உளியை அப்படியே விட்டு ஓடி, திரும்பி வந்து கோடு மாறி வெட்டிய குழி அது. அதற்கு ஏற்றாற்போல் கழுந்தையும் ஒரு பக்கம் அரை நூல் குறைத்திருந்தேன். சட்டங்களைத் தடவினேன். நாலாவது சட்டத்தில் அந்தக் குறைச்சல் இருந்தது. வைத்துத் தட்டினேன். டொக் என்று இறங்கி உட்கார்ந்தது.

அப்புறம் எனக்கு யாரும் கண்ணில் படவில்லை. நான் எங்கெங்கே சொதப்பினேன் என்று எனக்கு மறக்குமா? இந்தக் குழி காய்ச்சல் அன்று வெட்டியது, அடி சரிவாக இருக்கும். இந்தக் கழுந்து தோளில் ரம்பம் வழுக்கிய கீறல். இது மழையில் நனைந்து ஊதிப்போய், திரும்ப இழைத்தது. ஒவ்வொன்றையும் செய்த அன்று அதற்காக நான் என்னைத் திட்டிக்கொண்டேன். இன்றைக்கு அந்தத் திட்டெல்லாம் ஞாபகம் வந்து ஜோடி ஜோடியாகச் சேர்த்துக் கொடுத்தது. "அதை எடுங்க, அது இல்ல, அந்தக் குட்டைச் சட்டம்" என்று நான் சொல்ல, என் வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கூடப் பிடிக்க வந்தவள் நான் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது.

முதல் மேஜை நின்றது. லாரி டிரைவர்கள் கை தட்டினார்கள். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தி, "ரெண்டாவது" என்றார்.

இரண்டாவதில் மாட்டிக்கொண்டேன். கல்லடி பட்டுச் சில்லு தெறித்த கழுந்து இதில்தான் வந்தது. குழிக்குள் போனது, ஆனால் தொளதொளவென்று ஆடியது. மூங்கில் ஆணி ஒன்றைச் சீவி இடுக்கில் அடித்தால் இறுகும். சீவ என்னிடம் ஒன்றுமில்லை. பல்லால் கிழிக்கப் பார்த்தேன், ஈறில் ரத்தம் வந்ததுதான் மிச்சம். அதிகாரி தன் சட்டைப் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து, திறந்து நீட்டினார். என் வீட்டுக்காரரிடம் நீட்டவில்லை. என்னிடம் நீட்டினார்.

சீவி அடித்தேன். இறுகியது. பலகையைக் கவிழ்த்து நாலு காலிலும் உட்கார வைத்து உள்ளங்கையால் ஒரு குத்து. இரண்டு மேஜையும் தார் ரோட்டோரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எனக்கு மூச்சு வாங்கியது. அதிகாரி வந்து ஒன்றின் மேல் சாவடியின் பெரிய ரிஜிஸ்டரை வைத்தார், பிறகு எடுத்துக்கொண்டார். கத்தியை நான் துடைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"இனி பறையூ. இது ஆரு உண்டாக்கியது?"

வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. மேஜை நின்றுவிட்டது, இனிமேல் சொன்னால்கூட ஒன்றும் ஆகாது என்று ஒரு மனசு சொன்னது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பேர் நடுவில், வெயிலில்.

"அவிகதானுங்க சார்" என்றேன்.

அதிகாரி என் கட்டை விரல் தழும்பைப் பார்த்தார். என் வீட்டுக்காரருடைய வழுவழு விரல்களையும் பார்த்தார். "ம்" என்றார். "ரெண்டாளும் கேறிக்கோ."

பஸ்ஸில் கடைசி சீட்டில் மேஜைகளை வைத்து, ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். கோயமுத்தூர் டவுன் நெருங்கியது.

"ஏம்புள்ள சொல்லல?" என்றார் மெதுவாக.

"சொல்லியிருந்தா மொகத்தை எங்க கொண்டுபோய் வெப்பீங்க?" என்றேன். "எனக்கு உங்க மேல அத்தனை கோவம். இப்பக் கையில உளி இல்லை, தப்பிச்சீங்க." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அவர் என் மேஜையையும் சேர்த்து ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

மச்சாண்டார் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஒறம்பரை ஏகப்பட்ட பேர் வந்தாகிவிட்டது. பூட்டிய மேஜைகளோடு இறங்கியதால் பின்னறை ஏற்பாடெல்லாம் தேவைப்படவில்லை, நேராக ஹாலுக்கே போய்விட்டன. சோபாவின் இரண்டு பக்கமும் வைத்தார்கள். அளவெடுத்த மாதிரி பொருந்திற்று. மச்சாண்டார் காலை நீட்டிச் சோபாவில் சாய்ந்து, காபி டம்ளரை ஒரு மேஜைமேல் வைத்தார்.

"டேய் தம்பி! நீயாடா இது? ஒரு ஆணியைக்கூடக் காணோமேடா!" என்றார். முகமெல்லாம் பூரிப்பு. நிஜமான பூரிப்பு, அதில் குறை சொல்ல முடியாது. "ஏனுங்க, எல்லாரும் பாருங்க, என்ற தம்பி செஞ்சது!"

எல்லாரும் பார்த்தார்கள். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். எத்தனையோ வருஷமாக என் வீட்டுக்காரர் காத்திருந்த இடம் இது. தலை நிமிர்ந்து நிற்கட்டும் என்று நான் தந்துவிட்ட இடம். தந்தவள் சந்தோஷமாக இருக்க வேண்டும்தானே? எனக்கு அவ்வளவு வயிற்றெரிச்சல்.

"எப்படிடா பூட்டுன? சொல்லு, நம்ம ஆசாரிக்குச் சொல்லோணும்."

என் வீட்டுக்காரர் மேஜை விளிம்பைத் தடவினார். "எனக்குத் தெரியாதுங்கண்ணா. அவளைக் கேளுங்க."

ஹால் முழுக்கச் சிரிப்பு. "வெக்கப்படறான் பாரு" என்றார் மச்சாண்டார். யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சிரிக்காதீங்கண்ணா." இந்தத் தடவை குரல் பெரிதாக வந்தது. "எனக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியாதுங்க. நீங்க சொல்றது நெசந்தான். லெட்டர்ல எழுதுனது பொய்யிங்க. ரெண்டு மேஜையும் அவ செஞ்சது. பூராவும் அவ செஞ்சது."

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாத் தலையும் சமையலறை வாசலுக்குத் திரும்பியது. நான் உள்ளே போகவில்லை, அங்கேயே நின்றேன்.

மச்சாண்டார் என்னைப் பார்த்தார். நீட்டியிருந்த காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். காபி டம்ளரை மேஜையிலிருந்து எடுத்து இடது கையில் வைத்துக்கொண்டார். வலது கையால் மேஜையின் விளிம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. டம்ளரைக் கீழே தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து மறுபடி ஆட்டிப் பார்த்தார். அப்போதும் ஆடவில்லை.